நம்மைத் தாண்டி நோக்கும் கண்கள்: இரவிவர்மாவின் ஓவிய வாழ்வு – ஒரு மறுமதிப்பீடு

பொன்முடியின் உச்சியில், மூடுபனி விலகிய காலைப்பொழுதில் நின்று மேற்கு நோக்கினால், சரிவில் தேயிலைப் பசுமையும், அதற்குக் கீழே கல்லாற்றின் பள்ளத்தாக்கும், அதற்கும் அப்பால் ரப்பரும் தென்னையும் அடர்ந்த தாழ்நிலமும் அடுக்கடுக்காய்த் தெரியும். அத்தாழ்நிலத்தில், இம்மலைக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, கிளிமானூர் என்னும் ஊர் உள்ளது. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவ்வூர் அரண்மனையில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் இந்தியா முழுவதும் பெயர் விளங்கிய ஓவியர் இராஜா இரவிவர்மா ஆவார்.

மலைமேல் கொழுந்து பறிக்க வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கும், மலையடிவாரத்து அரண்மனையில் பிறந்த அவ்வோவியருக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு, அது நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி மலை ஏறிய நம் முன்னோர், லயத்து வீட்டின் புகைபடிந்த சுவரில் முதலில் மாட்டியது ஒரு திருமகள் படமாகவோ கலைமகள் படமாகவோ இருந்திருக்கும். தாமரைமேல் நின்று, இரு கைகளில் மலரும் இரு கைகளில் அருளும் ஏந்தி, நம்மை நேராக நோக்கும் அத்திருமகளின் உருவம் இரவிவர்மா வகுத்தளித்த உருவமாகும். வரைந்தவர் யார் என்று அறியாமலேயே மூன்று தலைமுறையாக நாம் அவ்வுருவத்திற்கு விளக்கேற்றி வந்திருக்கிறோம்.

பின்னர் நம் பிள்ளைகள் படித்தார்கள், நகரத்திற்குச் சென்றார்கள், கலை பற்றி எழுதப்பட்ட நூல்களைக் கண்டார்கள். அந்நூல்களிற் பல, அப்படங்கள் கலையே அல்ல, வெறும் காலண்டர்ப் படங்கள் என்றன. பாட்டியின் சுவரைக் குறித்து ஒரு நாணம் நம்முள் புகுந்தது. அந்த நாணம் முறையானதுதானா? அக்கேள்வியை மீண்டும் எழுப்பிப் பார்க்க நமக்கு ஒரு நூல் துணைநிற்கிறது. 1993ஆம் ஆண்டு புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் இரவிவர்மாவின் ஓவியங்களைத் திரட்டி ஒரு கண்காட்சி நடத்தினர். அதனையொட்டி வெளிவந்த விளக்க நூலின் பெயர் 'இராஜா இரவிவர்மா: புதிய நோக்குகள்' என்று பொருள்படும். அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, திருவனந்தபுரத்து ஓவியக்கூடத்தையும் கண்டு, அவர்தம் ஓவிய வாழ்வு முழுமையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீர்ப்பும் தீர்ப்பளித்தோரும்

இரவிவர்மா 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு இருந்த புகழ் பெரிது. நம் பாரதியாரே அவர் மறைவுக்கு இரங்கி 'ஓவியர்மணி இரவிவர்மா' என்னும் பாடலை இயற்றினார். தமிழ்க் கவிஞர் ஒருவர் தம் காலத்து ஓவியர் ஒருவருக்காக இரங்கிப் பாடுவது நம் இலக்கிய வரலாற்றில் அடிக்கடி நிகழும் ஒன்றன்று.

ஆயினும் அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே காற்று மாறி வீசலாயிற்று. சென்னையிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளிகளை நடத்திய ஹாவெல், சுவாமி விவேகானந்தரின் மாணவியார் நிவேதிதை, கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஆகிய மூவரும் இரவிவர்மாவைக் கடுமையாக மறுத்தனர். மேனாட்டு முறையில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டியவர். தெய்வங்களை நாடக மேடை நடிகர்களாக்கியவர். இந்தியக் கலையின் உள்ளுணர்வு அறியாதவர் என்பன அவர்கள் சாற்றிய குற்றங்கள். தரையில் படுத்துக் கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தை நிவேதிதை நாகரிகக் குறைவானது என்றே கண்டித்தார். அஜந்தாவையும் முகலாயச் சிற்றோவியங்களையும் வழிகாட்டியாகக் கொண்ட வங்காள ஓவியப் பள்ளி எழுச்சி பெற்ற காலம் அது. புதிய வீடு கட்டுவோர் பழைய வீட்டை இடிப்பது இயல்பே.

இத்தகைய வீழ்ச்சி இரவிவர்மா ஒருவருக்கே நேர்ந்ததன்று. அவர் காலத்திலேயே பாரிசில் புகழின் உச்சியில் இருந்த ஓவியர் வில்லியம் பூகரோ. 1825இல் பிறந்து 1905இல், அதாவது இரவிவர்மாவுக்கு ஓராண்டு முன்னர், மறைந்தவர். அவரும் புராணக் காட்சிகளையும் எளிய பெண்டிரையும் வழவழப்பான எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். புதுமை ஓவியர்கள் வென்றதும் அவர் பெயர் ஏளனச் சொல்லாயிற்று. படங்கள் கிடங்குகளில் உறங்கின. 1984ஆம் ஆண்டு பாரிஸ், மாண்ட்ரியல், ஹார்ட்போர்டு ஆகிய மூன்று நகரங்களிலும் வலம் வந்த பெருங்கண்காட்சியும் அதன் விளக்க நூலும்தாம் அவரை மீண்டும் எடைபோட வைத்தன. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தில்லியில் நிகழ்ந்தது அதற்கு நிகரானது எனலாம்.

தில்லிக் கண்காட்சியை அமைத்தவர் இருவர். ஒருவர் ஓவியங்களைச் செப்பனிட்டுக் காக்கும் கலையில் வல்லவரான ரூபிகா சாவ்லா. மற்றவர் ஓவியர் அ. இராமச்சந்திரன். 1935இல் ஆற்றிங்கலில் பிறந்து 2024இல் மறைந்த இராமச்சந்திரன் ஓவியம் பயின்றது சாந்திநிகேதனில். இரவிவர்மாவை மறுத்தெழுந்த மரபின் நிழலில் வளர்ந்த ஒருவரே அவரை மீண்டும் அவைக்கு அழைத்து வந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. மறுத்தவர் வழியினரே மறுபடியும் எண்ணிப் பார்ப்பது கலையுலகிற்கு அழகு.

கற்ற கதையில் தமிழர் பங்கு

ஓவியரின் படங்களைக் கால வரிசையில் அடுக்கிக் காட்டுவது கண்காட்சி விளக்க நூலின் தனிப்பயன். தனிப்படம் ஒன்றைக் கண்டால் அதன் அழகு தெரியும். வரிசையைக் கண்டால்தான் மனிதர் தெரிவார். அவ்வரிசையின் தொடக்கத்தில் தமிழராகிய நாம் நின்று நோக்க வேண்டிய செய்திகள் உள்ளன.

இரவிவர்மாவுக்கு முதலில் கோடு பழக்கியவர் அவர்தம் தாய்மாமன் இராஜராஜவர்மா. அவர் கற்றிருந்தது தஞ்சாவூர் முறை. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரசவைக்கு வந்த அழகிரி நாயுடுவின் வழியில் அக்கலை அவருக்குக் கிட்டியது என்பர். 1862இல், பதினான்கு வயதில், சிறுவன் இரவிவர்மா ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தான். அக்காலத்தில் அரசவை ஓவியராக விளங்கியவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் நுட்பம் அவருக்குத் தெரியும். ஆனால் இளைஞனுக்குக் கற்பிக்க அவர் மனம் ஒப்பவில்லை. அவரிடம் பணியாற்றிய ஆறுமுகம் பிள்ளை என்பவரே, ஆசிரியர் அறியாமல் அந்நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்து மன்னரைத் தீட்டியபோது, அவரும் கற்பிக்கவில்லை. அருகில் இருந்து பார்க்க மட்டும் இசைந்தார்.

எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. ஒரு பூச்சு உலருமுன் அடுத்ததை அதனோடு இழைக்கலாம்; உலர்ந்தபின் மெல்லிய பூச்சொன்றை மேலே படரவிட்டுத் தோலுக்கு உள்ளொளியும் பட்டுக்கு மினுக்கும் தரலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் பொன்தகடும் கல்லும் ஒட்டிக் காட்டும் நகையின் ஒளியை, இரவிவர்மா வண்ணத்தாலேயே காட்டக் கற்றார். அவருடைய பெண்டிரின் காதணியிலும் புடவைச் சரிகையிலும் தஞ்சாவூரின் நினைவு மறையவில்லை. மேனாட்டு நகல் என்று எளிதில் ஒதுக்கியோர் காணத் தவறியது இதுவே. கருவி மேனாட்டுடையது, கைப்பழக்கத்தின் முதற்பாடம் காவிரிக் கரையினது.

ஆறுமுகம் பிள்ளை தீட்டிய படம் ஏதும் இன்று பேசப்படுவதில்லை. ஆசிரியரின் சினத்திற்கு அஞ்சாமல் கற்றுக்கொடுத்த அந்த உதவியாளரின் பெயர் வரலாற்றின் ஓர் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. பிறர் நிலத்தில் உழைத்துப் பெயர் பெறாமல் போனவர்களின் வழிவந்த நாம், அப்பெயரை நினைவில் வைப்பது நம் கடனாகும்.

முப்பது ஆண்டு உழைப்பு

1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்காக இரவிவர்மா தங்கப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு, சுரபத் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணைத் தீட்டி மீண்டும் பதக்கம் பெற்றார். 1876இல் சகுந்தலை கடிதம் எழுதும் படம் வந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அதனை விலைக்கு வாங்கினார். அறிஞர் மோனியர் வில்லியம்சின் சாகுந்தல மொழிபெயர்ப்பு நூலின் பிந்திய பதிப்பொன்றில் அது முகப்புப் படமாயிற்று.

திருவிதாங்கூரின் திவானாகவும் பின்னர்ப் பரோடாவின் திவானாகவும் இருந்தவர் கும்பகோணத்தைச் சேர்ந்த சர் த. மாதவராவ். அவர் வழியாகவே இரவிவர்மாவுக்குப் பரோடா அரசவையின் தொடர்பு கிட்டியது. அங்கே சாயாஜிராவ் மன்னருக்காக இதிகாசக் காட்சிகள் பதினான்கைத் தீட்டும் பெரும்பணி 1888இல் தொடங்கியது. எல்லாப் பகுதி மக்களும் தம்முடையவர் என்று கொள்ளும்படி சீதைக்கும் திரௌபதிக்கும் எத்தகைய உடை உடுத்துவது என்பதே அவர்முன் நின்ற வினா. தம்பி இராஜராஜவர்மாவுடன் வடநாடெங்கும் சுற்றி ஆராய்ந்தபின், அவர் தேர்ந்தது புடவையை, அதிலும் பெரிதும் மராட்டியர் கட்டும் புடவையை. இன்று நம் மனக்கண்ணில் தெய்வங்கள் புடவை உடுத்தே தோன்றுவதற்கு அவ்வோவியர் செய்த முடிவு ஒரு பெருங்காரணமாகும்.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்களை அனுப்பினார். விவேகானந்தர் உரையாற்றிய அதே ஆண்டு, அதே நகரம். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். இரண்டு கைகளால் எத்தனை பேருக்குப் படம் வரைந்து தர இயலும், அச்சிட்டுப் பரப்புக என்று மாதவராவ் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். அச்சுமுறை எளியதன்று. சுண்ணக்கல்லின்மீது நெய்ப்புள்ள மையால் உருவம் வரைவர். கல்லை நனைத்தால் நீர் வெற்றிடத்தில் மட்டும் தங்கும். அச்சுமை உருவத்தில் மட்டும் பற்றும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். அத்தனை நிறமும் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பின்னர் மெருகெண்ணெய் பூசினால் எண்ணெய் ஓவியம் போலவே மின்னும். கோவிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளும் தெய்வத்தின் உருவம் நுழைந்தது இவ்வச்சுத் தாளின் வழியாகத்தான். திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். திருமகளின் அச்சுப்படம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே பரவத் தொடங்கிவிட்டது. இதனைக் கலை வரலாறு மட்டும் என்று கூறல் பொருந்தாது. மக்கள் வரலாறும் ஆகும்.

எனினும் அச்சகம் அவருக்குக் கடனையே தந்தது. பம்பாயில் பரவிய கொள்ளைநோயும் இடையூறாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அது ஷ்லைகர் என்னும் செருமானியத் தொழில்வல்லுநர் கைக்கு மாறியது. 1972இல் நேர்ந்த தீயில் அவ்வச்சகம் அழிந்தது. ஆயினும் அது தொடங்கிய வழி தமிழ்நாட்டில் தழைத்தது. கோவிற்பட்டியில் தங்கி, நாடகத் திரைச்சீலையிலிருந்து தெய்வப்படங்களுக்கு வந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தம் மாணாக்கருடன் வரைந்த படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நம் வீடுகளுக்கு ஆண்டுதோறும் வந்து சேர்ந்தன. நம் சுவரில் தொங்கியவை பலவும் இவ்விரு ஊற்றுகளிலிருந்து வந்தவையே.

இருவகை நோக்கு

வாழ்வின் நிகழ்ச்சிகளை இங்ஙனம் அடுக்கிய பின், இனிப் படங்களுக்குள் புகுவோம். வரிசையாக நோக்கும்போது ஒரு செய்தி மெல்லத் துலங்குகிறது. இரவிவர்மாவின் படங்களில் கண்கள் இருவகையாக நோக்குகின்றன.

அச்சகத்தின் வழியே பரவிய தெய்வப்படங்களிற் புகழ்பெற்ற திருமகள் நம்மை நேராக நோக்குகிறாள். அப்படம் வழிபாட்டுக்கு உரியது. வழிபடுவோன் தெய்வத்தைக் காண வேண்டும். தெய்வமும் அவனைக் காண வேண்டும். ஆகவே அங்கே கதை இல்லை, நிகழ்ச்சி இல்லை, நிலைத்த அருள் ஒன்றே உண்டு. குமாரசுவாமி போன்றோர் இவ்வகைப் படங்களில் ஆழம் காணாமல் குறைகூறியதில் ஓரளவு உண்மையும் உண்டு. அழகிய மாதர் ஒருவருக்கு நான்கு கைகள் பூட்டினாற்போன்ற உணர்வு இன்றும் நமக்கு எழாமலில்லை.

ஆனால் மற்றொரு வகை உண்டு. கடிதம் எழுதும் சகுந்தலை (1876) அங்கே இல்லாத ஒருவனை எண்ணிக் கிடக்கிறாள். திருவனந்தபுரத்து ஓவியக்கூடத்தில் உள்ள மற்றொரு சகுந்தலை (1898), காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, தோழியின் தோளைப் பற்றி நின்று, திரும்பிப் பார்க்கிறாள். யாரைப் பார்க்கிறாள்? அவன் படத்தில் இல்லை. சட்டகத்திற்கு வெளியே எங்கோ நிற்கிறான். அதே கூடத்துத் தமயந்தி (1899) செந்நிறப் புடவையில் நின்று அன்னம் கூறும் சொல்லைக் கேட்கிறாள். அவள் உள்ளம் கவர்ந்த நளன் அங்கே இல்லை. அவனைப் பற்றிய செய்தி மட்டும் இருக்கிறது. சிகாகோவுக்குச் சென்ற படங்களுள் ஒன்றாகிய 'அதோ அப்பா வருகிறார்' (1893) என்பதில், தம் மகள் மகாபிரபையையே முன்னிறுத்தித் தீட்டியிருக்கிறார். இடுப்பில் குழந்தையுடன் ஒரு தாய் நிற்கிறாள், காலடியில் நாய், அவள் ஒரு புறமாகச் சுட்டிக் காட்டுகிறாள். வருகின்ற தந்தையை நாம் காண்பதில்லை.

இருபதாண்டுகளுக்கு மேலாக, புராணத்திலும் வீட்டிலும், அரசருக்காகவும் அயல்நாட்டுக்காகவும், ஓவியர் ஒரே நிலையை மீண்டும் மீண்டும் தேடியிருக்கிறார். அந்நிலை காத்திருத்தல். கண்முன் இல்லாத ஒருவரை நோக்கிச் செல்லும் பார்வை. நம் அக இலக்கியம் இதனைப் பிரிவு என்றும் இருத்தல் என்றும் இரங்கல் என்றும் பகுத்துப் பேசும். இரவிவர்மா சங்க நூல்களைக் கற்றார் என்று நாம் சொல்ல வரவில்லை. காளிதாசனும் கதகளிப் பதங்களும் அவருக்குப் போதுமானவை. எனினும் அவ்வுணர்வை வண்ணத்தில் கண்ட ஓவியர் என்று அவரைத் தமிழ் நெஞ்சம் எளிதில் அடையாளம் காண்கிறது.

இப்போது நம் சுவரை நினைவுகூர்வோம். நாம் அறிந்தவை நம்மை நோக்கும் தெய்வங்கள். நாம் அறியாதிருந்தவர் நம்மைத் தாண்டி நோக்கும் பெண்கள். முன்னவற்றைக் கொண்டே மேதைகள் அவரைத் தள்ளினர். முன்னவற்றைக் கொண்டே நாமும் அவரை வணங்கினோம், பின்னர் அவரைக் குறித்து நாணினோம். கண்காட்சியும் அதன் நூலும் பின்னவர்களை நமக்கு மீட்டுத் தந்தன. மறுமதிப்பீடு என்பதன் உண்மைப் பயன் இதுவே. முன்னர்ச் சிறியவர் என்றவரை இனிப் பெரியவர் என்று கூறுவதன்று மறுமதிப்பீடு. பகுதியைக் கண்டு முழுமைக்குத் தீர்ப்பளித்த பிழையைத் திருத்துவதே மறுமதிப்பீடு.

குறைகளையும் கூறல் வேண்டும்

திறனாய்வு புகழுரை ஆகிவிடல் ஆகாது. முழு வரிசையையும் கண்ட பின்னர்ச் சில குறைகள் முன்னினும் தெளிவாகவே தெரிகின்றன.

முதலாவது, பின்னாளில் அரசவைப் பணிகள் குவிந்தபோது, அமைப்புகள் மீண்டும் மீண்டும் வருகின்றன; கைகளின் அசைவு நாடக மேடையை நினைவூட்டுகிறது. 1873இன் மல்லிகைப் பெண்ணிடம் உள்ள அமைதி, பல இதிகாசக் காட்சிகளில் இல்லை.

இரண்டாவது, தம்பி இராஜராஜவர்மாவின் பங்கு. 1905இல் மறையும் வரை அவர் தமையனுடனே உழைத்தவர். இயற்கைக் காட்சி தீட்டுவதில் வல்லவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பே இரவிவர்மாவின் வாழ்வை நாம் அறியும் சிறந்த சான்றுகளுள் ஒன்று. தமையனின் படங்கள் பலவற்றில் பின்னணி அவருடையது. ஒருவர் பெயரில் நிற்கும் புகழில் இருவர் உழைப்பு உண்டு. சகோதரி மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியரே. 'ஒரு மேதையின் தனிச்சாதனை' என்னும் பேச்சு இவர்களை மறைக்கிறது.

மூன்றாவது, நமக்கு நெருக்கமானது. இரவிவர்மா வாழ்ந்த அதே காலத்தில்தான் இம்மலைத்தொடரில் காடு திருத்தப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. அவர் அரசியரைத் தீட்டினார், இசைவாணியரைத் தீட்டினார், நாடோடிக் குடும்பத்தையும் வறியவரையும் தீட்டினார். ஆயினும் நாம் கண்டவரையில் கூடை சுமந்து மலையேறும் கூலிப்பெண் அவருடைய எந்தச் சட்டகத்திலும் இல்லை. அவர் தீட்டிய அழகு பெரும்பாலும் வெண்மேனி அழகு, உயர்குடி அழகு. அந்த அளவுகோல் அச்சுத் தாளின் வழியாக நம் வீட்டுக்குள்ளும் வந்தது. கருநிறப் பெண்பிள்ளைகளுக்கு அது நன்மை செய்தது என்று சொல்ல முடியாது. அவருடைய தெய்வங்களை நாம் ஏற்றுக்கொண்டோம்; ஆனால் அவருடைய அழகுலகில் நமக்கு இடம் இருந்ததா என்று கேட்பதில் தவறில்லை.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள இசைமகளிர் படம் இங்கே நினைவுக்கு வருகிறது. பல பகுதிகளைச் சேர்ந்த பதினொரு பெண்கள் தத்தம் உடையிலும் இசைக்கருவிகளுடனும் ஒருங்கே காட்சி தருகின்றனர். ஒருமைப்பாட்டின் சின்னம் என்று அதனைப் பலர் பாராட்டுவர். கூர்ந்து நோக்கினால், ஒவ்வொருத்தியும் வெவ்வேறு திசையை நோக்குகிறாள். ஒருத்தியின் இசையை மற்றொருத்தி கேட்பதாகத் தெரியவில்லை. இதனைக் குறை என்பதா, உண்மை என்பதா? வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே லயத்தில் குடியேறிய நம் முன்னோரின் முதல் நாட்களும் இவ்வாறே இருந்திருக்கும். அருகருகே அமர்ந்தால் மட்டும் உறவு ஆகாது. ஒருவர் பாட்டை மற்றவர் கேட்கத் தொடங்கும்போதே சங்கம் பிறக்கிறது.

நூலைப் பற்றியும் ஒரு சொல்

கண்காட்சி விளக்க நூல் என்னும் வகைக்கே உரிய எல்லைகள் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆளுயரப் படமும் அதில் உள்ளங்கை அளவாகிறது. சரிகையின் மினுக்கு அச்சுமையில் மங்குகிறது. அச்சுத் தாளிலிருந்து இரவிவர்மாவை மீட்க வந்த நூலும் ஓர் அச்சுத் தாளே என்பது நகைச்சுவையான உண்மை. மேலும், கண்காட்சியின் மறுமதிப்பீடு இயல்பாகவே எண்ணெய் ஓவியத்தை உயர்த்துகிறது. அதனால் மலிவான அச்சுப்படம் மறுபடியும் தாழ்ந்துவிடும் இடர் உண்டு. அரண்மனைச் சுவர் ஒன்று. லயத்துச் சுவர் மற்றொன்று. முன்னதை மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறே. அவ்வகையில், நூல் ஆங்கிலத்தில் அமைந்தது என்பதையும் நம்மவர் எண்ண வேண்டும். அப்படங்களை மிகுதியாக மாட்டிவைத்த வீடுகள் பேசும் மொழிகளில் அவற்றைப் பற்றிய எழுத்தும் பெருக வேண்டும்.

ஆயினும் நூல் செய்த நன்மை பெரிது. 1979இல் இந்திய அரசு இரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வம் என அறிவித்து, அவை நாட்டை விட்டு வெளியேறாமல் தடுத்தது. சட்டம் படங்களைக் காத்தது. கண்காட்சியும் நூலும் அவற்றைக் காணும் கண்ணைத் தந்தன. காப்பது எளிது, காண்பது அரிது.

இறுதியாக

பொன்முடியிலிருந்து இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, விதுரையும் நெடுமங்காடும் கடந்தால் திருவனந்தபுரம். அங்கே அருங்காட்சியக வளாகத்தில், இரவிவர்மாவின் கொள்ளுப்பேரரான சித்திரைத் திருநாள் மன்னர் 1935இல் நிறுவிய ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடம் உண்டு. 2023இல் அதே வளாகத்தில் இரவிவர்மாவின் பெயரிலேயே தனிக் கூடமும் திறக்கப்பட்டது. கிழக்குக் கோட்டைக் கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் நாம் பலமுறை இறங்கிச் சென்றிருக்கிறோம். அடுத்த முறை செல்லும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வளாகத்திற்குள்ளும் நுழைவோமாக.

முள் எடுக்கும் சகுந்தலையின் முன்னர் அவர்களை நிறுத்தி, அவள் யாரைப் பார்க்கிறாள் என்று கேளுங்கள். அவர்கள் ஏதேனும் ஒரு விடை சொல்வார்கள். அதன்பின் வீட்டுக்கு வந்து, பாட்டி காலத்துத் திருமகள் படம் இன்னும் பரணில் கிடக்குமாயின், தூசி தட்டி எடுத்துக் காட்டுங்கள். இரண்டையும் படைத்தவர் ஒருவரே என்று சொல்லுங்கள். அதன் வண்ணம் மங்கியிருக்கலாம். ஓரம் கரையான் அரித்திருக்கலாம். ஊரை விட்டுப் பிரிந்து, வாராத கடிதத்திற்கும் வரவேண்டிய கணவருக்கும் காத்திருந்த பெண்கள் அதன்முன் விளக்கேற்றினார்கள். ஓவியர் சட்டகத்திற்கு அப்பால் நோக்கும் பெண்களைத் தீட்டினார். அவ்வாறே அப்பால் நோக்கிக் காத்திருந்த பெண்கள், அவர் தீட்டிய தெய்வத்தின் முன் நின்றார்கள். அரண்மனையும் லயமும் சந்தித்த இடம் அது. அச்சுவரைக் குறித்து நாம் இனி நாணுவதற்கு ஏதுமில்லை.